அறுபது ஆண்டு வாய்தா: அத்திக்கடவுத் தண்ணீரும் நம் வியாபாரமும்

வியாபாரத்தில் வாய்தா என்பது நமக்குப் புதிய சொல் அல்ல. நூல் கடைக்காரர் ஜவுளி உற்பத்தியாளருக்கு வாய்தா கொடுக்கிறார். உற்பத்தியாளர் வெளியூர் வியாபாரிக்கு வாய்தா கொடுக்கிறார். மளிகைக் கடைக்காரர் தறிக்காரர் வீட்டுக்குச் சனிக்கிழமை வரை வாய்தா கொடுக்கிறார். வாய்தா தவறினால் என்ன செய்வது என்பதும் நமக்குத் தெரியும். முதலில் ஆள் அனுப்புவோம். பிறகு நாமே நேரில் போவோம். அப்படியும் நடக்கவில்லை என்றால் சரக்கை நிறுத்துவோம். ஆனால் அரசாங்கத்திடம் கேட்ட ஒரு பொருளுக்காக, நிறுத்துவதற்குக் கையில் சரக்கு எதுவும் இல்லாத மக்கள், அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாய்தா கொடுத்துக் காத்திருந்தது நம் ஊருக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் நடந்திருக்கிறது. அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தைத்தான் சொல்கிறோம்.

1950-களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்திலேயே எழுந்துவிட்ட கோரிக்கை இது. பவானி ஆற்றில் வெள்ளக் காலத்தில் வீணாகப் போகிற நீரில் ஒரு சிறு பங்கை அன்னூர், அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி, பெருந்துறைப் பக்கத்துக் குளம் குட்டைகளுக்குத் திருப்பிவிட வேண்டும் என்பதுதான் கேட்டது. அடிக்கல் நாட்டப்பட்டது 2019 பிப்ரவரி 28-ஆம் நாள். திறந்துவைக்கப்பட்டது 2024 ஆகஸ்ட் 17-ஆம் நாள். முதலில் கோரிக்கை வைத்தவர்களில் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய பேரன்மார்களில் பலர் இன்று பண்ணையம் பார்ப்பதும் இல்லை.

தண்ணீர்தான் வந்துவிட்டதே, இனி இதைப் பற்றி எழுதுவானேன் என்று சில உறுப்பினர்கள் கேட்கக்கூடும். வந்து சேர்ந்த சரக்கை எண்ணிப் பார்க்காமல், பில்லைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் நம்மில் யாருக்கும் கிடையாது. இந்தச் சரக்கையும் அப்படி ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம் என்றே இதை எழுதுகிறோம். எந்தக் கட்சி ஆட்சியில் என்ன நடந்தது என்று பிரித்துப் பேசுவது நம் நோக்கம் அல்ல. இத்தனை ஆண்டுகளில் எல்லாக் கட்சிகளும் ஆண்டிருக்கின்றன. எல்லாக் கட்சிகளும் தேர்தல் தோறும் இதை வாக்குறுதியாகச் சொல்லியும் இருக்கின்றன.

கிணறு வற்றினால் கல்லாவும் வற்றும்

பவானி நீலகிரியில் தோன்றி, கேரளத்தின் அட்டப்பாடி வழியாக வளைந்து, மறுபடி தமிழகத்துக்குள் வருகிற ஆறு. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கம் கொட்டும்போது இந்த ஆறு பொங்கும். அதே மாதங்களில் அவிநாசிப் பக்கம் காற்று மட்டும்தான் வீசும். ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைத் தொட்டாலே பெரிது என்று சொல்லும் மேட்டு நிலம் அது. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் வறட்சி. இரண்டையும் ஒரு வாய்க்காலால் இணைத்துவிடலாம் என்று எண்ணிய அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குப் பொறியியல் படிப்பு தேவைப்படவில்லை. கண்ணால் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

அறுபது, எழுபது அடிக் கிணற்றில் கவலை ஓட்டிய தோட்டங்களில் பிறகு மோட்டார் வந்தது. மோட்டார் வந்ததும் நீர்மட்டம் இறங்கியது. கிணற்றுக்குள் துளை போட்டார்கள். அதுவும் போதாமல் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். இன்று ஆயிரம் அடி இறக்கியும் புகை மட்டும் வருகிற இடங்கள் உண்டு. ஓர் ஆழ்துளைக் கிணறு பொய்த்துப் போனால் அந்தக் குடும்பத்தின் சில ஆண்டுச் சேமிப்பு மண்ணுக்குள் போயிற்று என்று பொருள். அந்தச் சேமிப்பு பழைய காலமாக இருந்தால் நம் ஜவுளிக் கடைக்கும், பாத்திரக் கடைக்கும், நகைக் கடைக்கும் வந்திருக்கும்.

சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறி இவ்வளவு பெருகியதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். நூல் மில்கள் பக்கத்தில் இருந்தது ஒன்று. மின்சாரம் கிடைத்தது இன்னொன்று. மூன்றாவது காரணத்தை நாம் அதிகம் பேசுவது இல்லை: பல தோட்டங்களில் கிணறு வற்றியதுதான் தறி போடக் காரணம். மாட்டுத் தொழுவம் இருந்த இடத்தில் கூரையைப் பிரித்து ஓடு போட்டு, நான்கு தறியை இறக்கி, கூலிக்கு நெய்ய ஆரம்பித்தவர்கள் எத்தனையோ பேர். பண்ணையம் கைவிட்டதால் பாவு நூலைப் பிடித்தார்கள். அவர்கள் இன்று கூலி உயர்வு ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அது வேறொரு வாய்தா. அதைத் தனியாக எழுத வேண்டும்.

மளிகை, உரம், தீவனம் விற்கும் நம் உறுப்பினர்களுக்குப் பற்று நோட்டே மழைமானி. குளம் நிரம்பிய ஆண்டில் பற்று வசூலாகும்; வறண்ட ஆண்டில் பக்கம் நீளும். சைசிங் ஆலைக்காரர்களுக்கும் உணவு விடுதிக்காரர்களுக்கும் லாரித் தண்ணீர்ச் செலவு தனிக் கணக்காகவே ஓடும். ஆகவே அந்தத் தண்ணீர் விவசாயிகளின் விஷயம், நமக்கென்ன என்று சொல்ல நமக்கு வழியில்லை. 2016 பிப்ரவரியில் இத்திட்டத்துக்காக அவிநாசியில் பல நாட்கள் தொடர்ந்து உண்ணாவிரதம் நடந்தபோது அந்த வட்டாரத்தில் கடைகளும் அடைக்கப்பட்டன. ஒருநாள் வியாபாரத்தை இழப்பது கடைக்காரருக்கு எவ்வளவு சங்கடம் என்பது நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் அடைத்தார்கள்.

ஆர்டர் ஒன்று, டெலிவரி வேறு

தாமதத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பொதுவாக நாட்களை மட்டும் எண்ணுகிறோம். பத்தாம் தேதி வர வேண்டிய சரக்கு இருபதாம் தேதி வந்தது, பத்து நாள் தாமதம் என்கிறோம். ஆனால் தீபாவளிக்குக் கேட்ட சேலை பொங்கலுக்கு வந்தால் தவறிப்போனது நாட்கள் மட்டும்தானா? அதை என்ன விலைக்குத் தள்ள முடியும் என்பதே மாறிவிடுகிறது. அரசுத் திட்டத்திலும் இதுதான் நடக்கிறது. காலம் தாழ்ந்து வருகிற திட்டம் பழைய திட்டமாக வருவது இல்லை.

முதலில் கேட்டது அத்திக்கடவிலிருந்து வாய்க்கால். அத்திக்கடவு, பில்லூர் பக்கம் காட்டுக்குள் இருக்கிற இடம். நம் பக்கத்தைவிட உயரமானது. அங்கிருந்து தண்ணீரைத் திருப்பினால் அது தன் போக்கில், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடி வரும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். வாய்க்கால் வெட்டும் செலவு ஒருமுறைச் செலவு. பிறகு தூர் எடுக்கும் செலவு மட்டுமே.

இப்போது கிடைத்திருப்பது வேறு. தண்ணீர் எடுக்கிற இடம் பவானி ஊருக்கு அருகே, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ்ப்புறம். அதாவது மலையிலிருந்து இறங்கி, பவானிசாகர் அணையில் தங்கி, கொடிவேரியையும் கடந்து, காவிரியில் கலக்கப் போகிற தறுவாயில் இருக்கும் நீரைப் பிடித்து, மறுபடி மேட்டுக்கு ஏற்றுகிறோம். பவானி, நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் என ஆறு நீரேற்று நிலையங்கள். ஒன்று தூக்கி அடுத்ததிடம் கொடுக்க, அது தூக்கி அதற்கடுத்ததிடம் கொடுக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குப் பூமிக்குள் குழாய்கள். திட்டத்தின் பெயரில் அத்திக்கடவு இருக்கிறது. தண்ணீர் அத்திக்கடவிலிருந்து வருவது இல்லை. லேபிள் பழையது, சரக்கு புதியது.

ஏன் இப்படி மாறிற்று என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். காலம் போகப் போக மேல் பவானியில் தண்ணீருக்கு உரிமையாளர்கள் கூடிவிட்டார்கள். பில்லூரிலிருந்து கோவை மாநகருக்கும் மற்ற ஊர்களுக்கும் குடிநீர் போக ஆரம்பித்தது. காட்டு நிலத்தில் வாய்க்கால் வெட்டுவதற்குச் சட்டங்கள் இறுகிவிட்டன. கீழ்பவானி, கொடிவேரி, காலிங்கராயன் பாசன விவசாயிகள், மேலே தண்ணீரைத் திருப்பினால் தங்கள் பங்கு குறையும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நாம் குறை சொல்ல முடியாது. ஆகவே யாருடைய பங்கிலும் கைவைக்காத ஓர் இடமாகப் பார்த்து, எல்லாப் பாசனமும் முடிந்த பிறகு மிஞ்சுகிற நீரை எடுப்பது என்று முடிவாயிற்று. இன்றைய நிலைமையில் அது சரியான முடிவுதான். 1960-களில் முடித்திருந்தால் இந்த முடிவுக்கே அவசியம் வந்திருக்காது என்பதும் சரிதான். நமக்குத் தெற்கே பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம், கேரளத்தோடு பேச வேண்டிய சிக்கல் இருந்தும், அந்தப் பத்தாண்டில்தான் உருவாயிற்று. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் அது என்ன செய்தது என்பதை அங்கெல்லாம் வியாபாரம் செய்கிறவர்கள் அறிவார்கள்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நாம் தண்ணீர் எடுக்கிற காலிங்கராயன் அணைக்கட்டு 13-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அணையும் 90 கிலோமீட்டர் அளவுக்கு நீண்ட வாய்க்காலும் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிந்தன என்பது கொங்கு நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த வாய்க்காலில் இன்றும் பாசனம் நடக்கிறது.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

பணி தொடங்கியபோது ரூ.1,652 கோடி என்றார்கள்; முழுவதும் மாநில அரசின் பணம். திறப்பு விழாவின்போது சொல்லப்பட்ட தொகை ரூ.1,916 கோடி. இடையில் ஏறியது சுமார் ரூ.264 கோடி, அதாவது நூற்றுக்குப் பதினாறு. கொரோனா காலம் குறுக்கே வந்தது உண்மை. ஆனால் கடைசிக் கட்டத்தில் வேலையை நிறுத்தி வைத்தது கொரோனா அல்ல. முதல் மூன்று நீரேற்று நிலையங்களுக்கு இடையே, ஆயிரம் கிலோமீட்டரில் மிகச் சொற்பமான தூரத்துக்கு, நிலத்துக்கான இழப்பீடு முடிவாகாமல் குழாய் பதிக்க முடியாது போயிற்று. மற்ற இடமெல்லாம் குழாய் தயார். இந்த இடைவெளியால் தண்ணீர் நகரவில்லை. பாவு ஓட்டும்போது ஆயிரம் இழையில் பத்து இழை அறுந்திருந்தால் தறியை நிறுத்தத்தானே வேண்டும்?

நிலச் சிக்கல் தீர்ந்து, குழாய்களைச் சோதித்து முடித்தபோது 2023-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு பருவமழை கைவிட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரிநீரே இல்லை. மிஞ்சினால்தான் எடுக்கலாம் என்பது திட்டத்தின் நிபந்தனை ஆகையால், தயாரான இயந்திரங்கள் தண்ணீருக்குக் காத்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால்தான் தாமதத்தின் விலை விளங்கும். 2018 ஆகஸ்டில் பவானியிலும் காவிரியிலும் வெள்ளம். பவானி ஊரில் கரையோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதே மாதம் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் இடிந்தன. கடலுக்குப் போன நீருக்குக் கணக்கே இல்லை. 2022 ஆகஸ்டிலும் மறுபடி பவானிக் கரையில் வெள்ளம். வெள்ளம் வந்தபோது குழாய் இல்லை. குழாய் வந்தபோது வெள்ளம் இல்லை.

சரி, முழுத் திறனில் இயங்கினால் என்ன கிடைக்கும்? விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்கள் எடுத்தால் 1.5 டி.எம்.சி. அதைக் கொண்டு 1,045 நீர்நிலைகளை நிரப்ப வேண்டும். 24,468 ஏக்கர் நிலம் பயன்பெற வேண்டும். இதுவே அரசின் கணக்கு. 1.5 டி.எம்.சி. என்றால் நமக்குச் சட்டென்று மனத்தில் பதியாது. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 4,247 கோடி லிட்டர். நாம் விலைக்கு வாங்குகிற 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் 35 லட்சம் லாரிக்கு மேல். ஒரு லாரித் தண்ணீருக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதை அவரவரே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். மறுபக்கம், செலவான தொகையை 1,045-ஆல் வகுத்தால் ஒரு குளத்துக்கு ரூ.1 கோடியே 83 லட்சம். சிறு குட்டைக்கும் அதே சராசரிதான் விழுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் அந்த 70 நாட்கள். ஆற்றில் 20,000 கன அடி பாய்ந்தாலும் நம்மால் எடுக்க முடிவது 250 தான். பத்து நாள் பெருவெள்ளம் வந்து வடிந்துவிட்டால் நமக்குக் கிடைப்பது ஏழில் ஒரு பங்கு. வெள்ளம் பெரிதாக வருவதைவிட நீண்ட நாள் வருவதுதான் இத்திட்டத்துக்கு நல்லது. ஆனால் மழை நம் சௌகரியத்தைக் கேட்டுப் பெய்வது இல்லை. ஆகவே எல்லா ஆண்டும் எல்லாக் குளமும் நிரம்பிவிடும் என்று யாரும் எண்ணிக் கடன் வாங்கிப் பயிர் வைக்க வேண்டாம். பவானிக் கரையில் வெள்ளச் சேதத்தை இத்திட்டம் தடுத்துவிடும் என்று நம்புவதும் தவறு. ஆற்றிலிருந்து 250 கன அடியை எடுப்பது, நிறைந்த அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுப்பது போலத்தான்.

இடையில் ஒரு ஒப்பீடு செய்யாமல் இருக்க முடியவில்லை. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் வேண்டும் என்று, அதே பவானி ஊர்ப் பக்கம் காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் திட்டம் சுமார் ரூ.1,000 கோடியில், தனியார் பங்கோடு போடப்பட்டது. 2000-களின் நடுவிலேயே தண்ணீர் திருப்பூர் வந்து சேர்ந்தது. அந்தத் தண்ணீருக்கு விலை கொடுக்க ஆலைகள் தயாராக இருந்தன. வங்கிகளும் முதலீட்டாளர்களும் முன்வந்தார்கள். குளம் யாருக்கும் பில் கட்டுவது இல்லை. அதனால் குளத்தின் ஆர்டர் இன்னும் இருபது ஆண்டு மேசையில் கிடந்தது. திருப்பூருக்குத் தண்ணீர் வந்ததை நாம் குறையாகச் சொல்லவில்லை; அந்த வியாபாரத்தில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. காசு கட்டுகிற வாடிக்கையாளருக்கு ஒரு வேகம், மற்றவருக்கு ஒரு வேகம் என்பது நம் கடைகளிலும் நடப்பதுதான். ஆனால் அரசாங்கம் கடை அல்லவே.

தாமிரபரணிக் கரையில்

தாமதத்தின் விலை நம் பக்கம் வறட்சியாக வந்தது. தெற்கே அது வெள்ளமாகவே வந்தது. திருப்பூர்ச் சரக்கு கண்டெய்னரில் ஏறுகிற தூத்துக்குடி, நம்மவர்கள் அடிக்கடி போய்வரும் ஊர். அங்கே தாமிரபரணியின் வெள்ள உபரிநீரைக் கருமேனியாறு, நம்பியாறுகளோடு இணைத்து, சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட தேரிக்காட்டுக்குக் கொண்டுபோகும் வெள்ளநீர்க் கால்வாய்த் திட்டம் 2009-இல் தொடங்கப்பட்டது. அப்போதைய மதிப்பு ரூ.369 கோடி. சுமார் 75 கிலோமீட்டர்க் கால்வாய். நிதி ஒதுக்கீடு நின்று நின்று வந்தது, நில எடுப்பு இழுத்தது, ஆட்சிகள் மாறின. மதிப்பு ரூ.1,060 கோடியாக, ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்தது. 2025 பிப்ரவரியில்தான் அது திறந்துவைக்கப்பட்டது.

இடையில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோயிற்று. தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கால்வாய் முன்பே முடிந்திருந்தால் இத்தனை சேதமும் நேராமல் போயிருக்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். அவ்வளவு மழைக்கு எந்தக் கால்வாயும் ஈடுகொடுக்காது. மேலும் அந்த மழையில் பெரும்பகுதி ஆற்றுக்கு மேலே அல்ல, கீழே கடற்கரைப் பக்கமே பெய்தது. ஆயினும் விநாடிக்கு 3,200 கன அடியை வேறு பக்கம் திருப்ப வேண்டிய ஒரு வழி, பதினான்கு ஆண்டுகள் ஆகியும் முடியாத நிலையில் அந்த வெள்ளம் வந்தது என்பது பதிவில் இருக்க வேண்டிய செய்தி.

வெள்ள நிவாரணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நம் உறுப்பினர்கள் இந்த இடத்தில் தெரிந்துகொள்வது நல்லது. அன்று அரசு அறிவித்த நிவாரணம் குடும்ப அட்டைக்கு ரூ.6,000, பாதிப்பு குறைந்த இடங்களில் ரூ.1,000. வீடு, ஆடுமாடு, பயிர், படகு இவற்றுக்குப் பேரிடர் நிவாரண விதிகளில் தனித்தனி அளவு உண்டு. கடைக்குள் நனைந்து போன அரிசி மூட்டைக்கோ, துணிக்கட்டுக்கோ, நூல் கோணுக்கோ அப்படி ஓர் அளவு கிடையாது. நிவாரணம் சீக்கிரம் வந்தாலும் தாமதமாக வந்தாலும் சரக்கு இழப்பு கடைக்காரருடைய இழப்பாகவே நிற்கும். ஆகவே காப்பீட்டுப் பத்திரம் வைத்திருப்பவர்கள் அதில் தீ மட்டும் இருக்கிறதா, புயல் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று எடுத்துப் படிக்க வேண்டும். வங்கிக் கடனுக்காகப் போட்ட பத்திரம் என்றால் அது கடன் தொகைக்கு மட்டும் இருக்கக்கூடும். கிடங்கில் இருக்கும் முழுச் சரக்கின் மதிப்புக்கு இல்லாமல் போகலாம். குறைத்துக் காட்டிய மதிப்புக்குக் குறைத்தே இழப்பீடு கிடைக்கும். நொய்யல் கரையில் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல.

நம் பக்கத்துக் குளங்கள்

நொய்யலைப் பற்றிச் சொல்லாமல் சோமனூர்க்காரர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. சூலூர்ப் பெரிய குளம், சின்னக் குளம், ஆச்சான்குளம், சாமளாபுரம் குளம் எல்லாம் நொய்யல் வெள்ளத்தைப் பிடித்து வைக்க முன்னோர் வெட்டியவை. ஆற்றில் நீர் வந்தால் அணைக்கட்டில் திரும்பி, வாய்க்காலில் ஓடி, குளத்தில் நிற்கும். மோட்டார் இல்லாத பழைய அத்திக்கடவு என்று அவற்றைச் சொல்லலாம். வாய்க்காலில் குப்பையும் கட்டட இடிபாடும் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். 2011 நவம்பரில் திருப்பூரில் ஜம்மனை ஓடையில் இரவோடு இரவாக வந்த வெள்ளம் கரையோர வீடுகளை அடித்துச் சென்று பல உயிர்களைப் பலி கொண்டது. ஓடை தன் பழைய அகலத்தைக் கேட்டுத்தான் வந்தது.

கட்டியதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கும் நொய்யலே சாட்சி. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக் கழிவு தேங்கும் தொட்டியாகி, எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ அவர்களே தண்ணீரைத் திறக்காதே என்று வழக்குப் போடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நம் வட்டாரம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது.

ஆகவே அத்திக்கடவுத் திட்டத்தில் இனிப் பார்க்க வேண்டியது திறப்பு விழாக் கல்வெட்டை அல்ல. ஆறு நிலையங்களின் மின் கட்டணம் ஆண்டுதோறும் யார் தலையில், எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படுகிறது என்பது ஒன்று. சாலை தோண்டுபவர்களும் குடிநீர்க் குழாய் போடுபவர்களும் பூமிக்குள் இருக்கும் இந்தக் குழாயை உடைத்தால் யார் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பது இன்னொன்று. குளக்கரைகளில் நீர் அளவைப் பார்க்கச் சூரிய மின்தகட்டோடு பொருத்தியிருக்கும் கருவிகளைப் பாதுகாப்பது யார்? தண்ணீர் வருவதற்கு முன் குளத்தில் சீமைக்கருவேல் வெட்டப்பட்டதா, கரை நிற்கிறதா? இவையெல்லாம் சிறிய கேள்விகள்; ஆனால் ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு சிறு இடைவெளி முழுத் திட்டத்தையும் நிறுத்தி வைத்ததை நாம் பார்த்துவிட்டோம்.

பட்டியலில் விடுபட்ட குளங்களையும் இரண்டாம் கட்டமாகச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருக்கிறது. நியாயமான கோரிக்கை. ஆனால் 70 நாள், 250 கன அடி என்ற அளவு அப்படியே இருக்கக் குளங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், ஒரே பாவை இரண்டு தறிக்குப் பிரித்துக் கொடுப்பது போலாகும். கேட்பவர்கள் கூடுதல் நீருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னொரு அறுபது ஆண்டு வாய்தாவுக்கு யாரிடமும் ஆயுள் இல்லை.

நம் சங்கத்தால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. அன்னூர், கருவலூர், சேவூர், அவிநாசி, பெருமாநல்லூர் வழியாக வாரந்தோறும் சரக்கு வண்டி அனுப்பும் உறுப்பினர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள். வசூலுக்குப் போகிறவர்களும் குளக்கரைகளைத் தாண்டித்தான் போகிறார்கள். குளத்தின் பெயர், ஊராட்சியின் பெயர், தண்ணீர் வந்து விழுந்த தேதி, நின்ற தேதி ஆகிய இவ்வளவை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் போதும். இதற்கென்று ஒரு பேரேடு திறந்து வைத்திருக்கிறோம். வருகிற ஜூன் மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கும்போது முதல் பக்கத்தில் பதிவு ஆரம்பமாகும். தண்ணீர் வராத குளத்துக்கும் அதில் ஒரு வரி உண்டு. பருவம் முடிந்ததும் அதன் நகலை நீர்வளத்துறைக்கும் நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பி, இந்த இதழிலும் வெளியிடுவோம்.